ஒரு சட்டமும் ஒரு கடிதமும்

வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டாது என்று நாங்கள் மூன்று பேரும் கொஸ்வத்தைப் பக்கம் போடிங் எடுத்தோம். வாடகையில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். காலையில் 177 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஏறினால், பத்தரமுல்லையில் ஒரு நிற்பு, இராஜகிரியவில் இன்னுமொரு நிற்பு. எட்டு மணி விரிவுரைக்கு நேரத்துக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இடையில் ஊரிலிருந்து அம்மா ஃபோன் எடுப்பா. "இன்னும் பஸ்ஸிலயோ பிள்ளை?" ஓம் அம்மா, இன்னும் பஸ்ஸிலதான்.

இந்த வீதிக்கு மேலால ஒரு ரயில் ஓடியிருக்க வேண்டும். மாலபேயிலிருந்து பத்தரமுல்ல, இராஜகிரிய, பொரளை ஊடாகக் கோட்டை வரைக்கும் தூண்களில் போகிற இலகு ரயில். சுமார் 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள். ஜப்பான் கடன் தருவதாக ஒப்பந்தம். வட்டி 0.1 வீதம், திருப்பிக் கட்ட 40 வருடம். 2020 செப்ரெம்பரில் ஜனாதிபதியின் செயலாளர் போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். செலவு அதிகம், கொழும்புக்கு இது பொருத்தமான தீர்வல்ல, உடனே நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. பிறகு கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் விசேட அறிக்கை வந்தது, பத்திரிகைகள் எழுதின, நட்டஈட்டுக் கதைகள் வந்தன. 2023 மே மாதம் ரணில் விக்கிரமசிங்க டோக்கியோவுக்குப் போய், இந்தத் திட்டத்தை நிறுத்தியதற்கு ஜப்பானிடம் வருத்தம் தெரிவித்தார்.

177இல் தொங்குகிறவர்களிடம் இதுவரை ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இந்த இலகு ரயில் நல்லதா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்குப் பொறியியல் தெரியாது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு வந்த கேள்வி வேற. ஒரு நகரத்தின் அடுத்த நூறு வருடத்தை மாற்றக்கூடிய ஒரு விசயத்தை ஒரு கடிதத்தால் எப்படி நிறுத்த முடிந்தது? யோசித்துப் பார்த்தால் விடை லேசு. அதைத் தொடங்கியதும் அமைச்சரவைத் தீர்மானங்களும் ஒப்பந்தக் கடதாசிகளும்தான். "இந்தப் பாதை கட்டப்படும்" என்று இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றவில்லை. கடதாசியில் தொடங்கினது கடதாசியில் முடிந்தது.

இதே நேரம் அரசறிவியல் ரியூற்றோரியலுக்கு, பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் சட்டமாகிற பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எங்களில் ஒருத்தியின் சித்தி இல்ஃபோர்டில் இருக்கிறா. "எலிசபெத் லைன் வந்தபிறகு எங்களுக்குச் சென்ட்ரல் லண்டன் பக்கத்து வீடு மாதிரி" என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பா. சரி, அதையே எடுப்பம் என்று குறொஸ்றெயில் சட்டம் 2008ஐ எடுத்தோம். கட்டிமுடியும்வரை அந்தப் பாதைக்குக் குறொஸ்றெயில் என்றுதான் பெயர். மேற்கே றெடிங், ஹீத்ரோ விமான நிலையம். கிழக்கே ஷென்ஃபீல்ட், அபி வூட். இடையில் லண்டன் நகரத்துக்கு அடியால் சுரங்கம். மொத்தம் 100 கிலோமீற்றருக்கு மேல், 41 நிலையங்கள்.

சட்டத்தை வாசிக்கச் சுவாரசியம் ஒன்றுமில்லை. எங்கே என்ன கட்டப்படும், எந்தக் காணி எடுக்கப்படும், எந்தத் தெரு மூடப்படும் என்று பட்டியல் பட்டியலாகப் போகிறது. ஆனால் அந்தச் சலிப்புக்குள்தான் விசயம் இருக்கிறது. எதைக் கட்டலாம் என்பது அட்டவணையில் எழுதியாச்சு, அதற்கு வெளியே போக முடியாது. கட்டாயமாகக் காணி எடுக்கும் அதிகாரமும் எல்லையில்லாமல் கொடுக்கப்படவில்லை. சட்டம் வந்த நாளிலிருந்து 5 வருடம் என்று காலம் போட்டிருக்கிறது. பத்து வருடம் கழித்து ஒருவன் வந்து "உன் வீடு எங்கட பாதையில் கிடக்கு" என்று திடீரென்று சொல்ல முடியாது.

எங்களை நிறுத்திவைத்தது அந்தச் சட்டமூலத்தின் வகை. பொதுச் சட்டமூலம் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி. தனியார் சட்டமூலம் என்றால் ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கோ ஆளுக்கோ உரியது. எங்கட பாராளுமன்றத்திலும் சங்கங்களைக் கூட்டிணைக்கிற தனியார் சட்டமூலங்கள் வருகின்றன. குறொஸ்றெயில் இரண்டும் சேர்ந்தது, கலப்புச் சட்டமூலம். நாடு முழுவதற்குமான திட்டம்தான், ஆனால் சிலருடைய வீடு, சிலருடைய கடை, சிலருடைய தெரு மட்டும் அதில் அடிபடுகிறது. அந்தச் சிலருக்கு அங்கே ஒரு விசேட உரிமை இருக்கிறது. நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்கள் சட்டமூலத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்திடமே மனுக் கொடுக்கலாம். மனுவை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டுப் போக முடியாது. தெரிவுக்குழு ஒன்று இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறது. தன்னுடைய தொகுதி சம்பந்தப்பட்ட உறுப்பினர் அந்தக் குழுவில் இருக்க முடியாது. வழக்கறிஞர் வைக்கலாம், வைக்காமல் தானே வந்தும் கதைக்கலாம். பொது மக்கள் சபையில் ஒரு தடவை, பிரபுக்கள் சபையில் இன்னொரு தடவை. நூற்றுக்கணக்கான மனுக்கள் வந்தன. 2005 பெப்ரவரியில் சமர்ப்பித்த சட்டமூலம் 2008 ஜூலையில்தான் சட்டமானது.

மூன்று வருடத்துக்கு மேல் கதைத்து என்ன கிடைத்தது?

முதலாவது, வூலிச். தென்கிழக்கு லண்டனில், வசதி குறைந்த குடும்பங்கள் கனபேர் இருக்கிற இடம். அரசு கொண்டுவந்த சட்டமூலத்தில் ரயில் வூலிச்சுக்கு அடியால் போகும், ஆனால் நிற்காது. நிலையம் கட்டக் காசில்லை என்பது காரணம். அந்த ஊர்ச் சனமும் உள்ளூராட்சி சபையும் தெரிவுக்குழுவுக்கு முன்னால் போய் நின்றார்கள். சத்தமும் தூசியும் எங்களுக்கு, ரயில் மட்டும் வேறு ஆட்களுக்கா? 2006இல் குழு, வூலிச்சில் நிலையம் வேண்டும் என்று சொன்னது. அரசு முதலில் இழுத்தது, பிறகு 2007 மார்ச்சில், அந்த இடத்தில் வீடுகள் கட்டுகிற நிறுவனத்தோடு செலவைப் பகிர்கிற ஏற்பாட்டில் இணங்கியது. 2022 மே 24 அன்று பாதை திறந்தபோது வூலிச்சிலும் ரயில் நின்றது. பொறியியலாளரின் வரைபடத்தில் இல்லாத ஒரு நிலையம், மனுக் கொடுத்ததால் வந்த நிலையம்.

இரண்டாவது, ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ். பிறிக் லேன் பக்கம் வங்காளதேசத்திலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதி. முதல் திட்டத்தில், ஹன்பரி வீதியில் கிடங்கு தோண்டி அங்கிருந்து சுரங்க இயந்திரத்தை இறக்கி, மண்ணை அந்தப் பகுதியாலேயே வெளியே எடுப்பதாக இருந்தது. பல வருடம் தூசி, லொறி, இரைச்சல். சனம் எழும்பியது. கூட்டங்கள், ஊர்வலங்கள், பிறகு மனுக்கள். 2006இல் சுரங்கம் தோண்டும் முறையையே மாற்றினார்கள். அந்த வீதியிலிருந்து இயந்திரம் இறக்கும் யோசனை கைவிடப்பட்டது. ரயில் வந்தது, ஆனால் அதன் முழுப் பாரமும் அந்தத் தெருவின் தலையில் விழவில்லை.

இதை வாசித்தபோது எங்களுக்குக் கொம்பனித்தெரு ஞாபகம் வந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிறகு கொம்பனித்தெருவிலும் வனாத்தமுல்லையிலும் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் எப்படி மாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள் என்பது எங்கட தலைமுறைக்குத் தெரிந்த கதை. ஒரு நகரத்தை "அழகாக்கும்" வேலை பாதுகாப்பு அமைச்சுக்குப் போனால், வீட்டுக்காரன் யாரிடம் போய் மனுக் கொடுப்பான்? சீருடைக்கு முன்னால் ஆட்சேபம் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அதுவும் தமிழில்?

இலங்கையில் ஒரு நடைமுறையும் இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 வேலை நாட்கள் கருத்துக் கேட்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் நான்காம் பிரிவின் கீழ் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அந்த ஆட்சேபம் யாரிடம் போகிறது? அமைச்சின் செயலாளரிடம். அவர் ஆராய்ந்து அமைச்சருக்குச் சிபாரிசு சொல்வார். காணி வேண்டும் என்று நிற்கிறவர்களிடமே காணியை எடுக்காதீர்கள் என்று கேட்கிற ஏற்பாடு இது. அதுக்கு மேல 38ஆம் பிரிவின் அவசர வழி இருக்கிறது. அவசரம் என்று அமைச்சர் கட்டளை போட்டால், விசாரணையும் நட்டஈடும் முடியும்வரை காத்திருக்காமலே காணியைக் கையேற்கலாம். உறுதி இல்லாமல் இரண்டு தலைமுறையாகத் தோட்டத்தில் இருக்கிற குடும்பத்துக்கோ வாடகைக்காரருக்கோ இந்தக் கதவுகளில் பாதி திறப்பதே இல்லை.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். குறொஸ்றெயில் முதல் தடவையிலேயே வென்ற கதையில்லை. 1991இல் கொண்டுவந்த முதல் சட்டமூலத்தை 1994இல் நான்கு உறுப்பினர் கொண்ட குழு நிராகரித்தது. ஆக, பாராளுமன்றத்தாலும் ஒரு ரயிலை நிறுத்த முடியும். ஆனால் அது பகிரங்கமாக, சாட்சியம் கேட்டு, பெயர் தெரிந்த ஆட்களால் நிறுத்தப்பட்டது. பாதைக்குரிய இடத்தை வேறு கட்டடங்கள் மறிக்காமல் பாதுகாத்தும் வைத்தார்கள். அதனால்தான் பத்து வருடம் கழித்துத் திரும்பவும் எழும்ப முடிந்தது. சட்டமான பிறகு 2010இல் ஆட்சி மாறியது, கட்சி மாறியது. ரொனி பிளேயர் காலத்தில் சமர்ப்பித்த சட்டமூலத்தின் ரயில் பொறிஸ் ஜோன்சன் காலத்தில் திறந்தது. இடையில் மூன்று பிரதமர்கள். எங்கட இலகு ரயிலோ முதல் ஆட்சி மாற்றத்தையே தாண்டவில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது எங்களோடு சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது.

"லண்டனிட்டக் காசிருக்கு, நேரமிருக்கு. எங்களிட்ட ரெண்டும் இல்லை" என்றான் ஒருவன். காசு உண்மைதான். ஆனால் அந்தக் காசும் சட்டத்தால் வந்தது. 2009இல் தனிச் சட்டம் ஒன்று கொண்டுவந்து, 2010 ஏப்ரலிலிருந்து லண்டனின் பெரிய வியாபாரக் கட்டடங்களுக்கு வரிமதிப்பின் ஒவ்வொரு பவுணுக்கும் 2 பென்ஸ் மேலதிக அறவீடு போட்டார்கள். ரயிலால் லாபம் அடையப்போகிறவனும் பங்கு தரட்டும் என்பது கணக்கு. நேரத்தைப் பற்றி என்றால், நாங்கள் மூன்று வருடம் கதைக்காமல் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது? 2020இலிருந்து அதே 177இல்தான் நிற்கிறோம்.

"சட்டம் இருந்தும் அவங்கள் ஒழுங்காக் கட்டினவங்களோ?" என்றாள் இன்னொருத்தி. இல்லைத்தான். 2018 டிசெம்பரில் திறப்பதாகச் சொன்னது 2022 மே வரைக்கும் இழுபட்டது. 2010இல் 14.8 பில்லியன் பவுண் என்றிருந்த செலவு 18 பில்லியனைத் தாண்டியது. சட்டம் போட்டால் சீமெந்து தானாகக் காயாது. சட்டத்தால் செய்யக்கூடியது, பிழைக்கிறபோது யாரைக் கேட்பது என்று தெரியவைப்பது மட்டும்தான்.

மூன்றாவது கேள்வி எங்களை உண்மையாகவே யோசிக்கவைத்தது. யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் கேட்டான். "சட்டம் எண்டா எங்களுக்கு நல்லது நடக்கும் எண்டு எந்த அனுபவத்தில சொல்லுறியள்? பயங்கரவாதத் தடைச் சட்டமும் சட்டம்தானே?" பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. 1979இல் தற்காலிகம் என்று வந்த அந்தச் சட்டம் எங்கட பெற்றோரின் வாழ்க்கையைத் தின்றது, எங்கட வாழ்க்கைக்கும் வந்திருக்கிறது. பாராளுமன்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்பிக்கை வருகிற வீடுகளில் நாங்கள் வளரவில்லை. பெரும்பான்மை கையை உயர்த்தினால் எதுவும் சட்டமாகும் என்பது எங்களுக்குப் பாடப் புத்தகத்தில் படித்த விசயமில்லை.

ஆனாலும் அந்தக் கேள்விதான் எங்கட வாதத்தைத் தெளிவாக்கியது. எங்களுக்கு வேண்டியது "சட்டம்" என்ற முத்திரை இல்லை. வூலிச்சுக்கு நிலையம் கொடுத்தது 2008 ஜூலையில் வைத்த கையொப்பம் இல்லை, அதற்கு முன்னால் ஒரு குழு உட்கார்ந்து கேட்ட நாட்கள். ஒரே இரவில் கொண்டுவருகிற அவசரச் சட்டமூலமும், வருடக்கணக்காகப் பாதிக்கப்பட்டவனைக் கூப்பிட்டுக் கேட்கிற சட்டமூலமும் பெயரில் மட்டும் ஒன்று. குறொஸ்றெயில் மனுதாரர்களுக்கும் எல்லை இருந்தது, மறைக்கவில்லை. இரண்டாம் வாசிப்பில் சபை ஏற்றுக்கொண்ட பிறகு, ரயிலே வேண்டாம் என்று குழுவிடம் வாதாட முடியாது. எங்கே, எப்படி, யாருக்கு எவ்வளவு பாரம் என்பதைத்தான் மாற்றலாம். ஆனால் ஒரு தெருவில் இருக்கிறவனுக்கு அந்த "எப்படி"தான் வாழ்க்கை.

டோக்கியோவில் விக்கிரமசிங்க இன்னொன்றும் சொன்னார். இரண்டு நாடுகள் உடன்பட்ட பெரிய திட்டங்களைப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நிறுத்த முடியாதபடி சட்டம் கொண்டுவருவதாக. யோசனை பிழையில்லை. ஆனால் அது யாரைப் பாதுகாக்கிறது என்று பாருங்கள். கடன் கொடுக்கிற நாட்டுக்கு உத்தரவாதம். திட்டத்தை நிறுத்தும்போது பாராளுமன்றத்துக்கு வா என்கிறது. தொடங்கும்போது வா என்று சொல்லவில்லை. தூண் விழப்போகிற இடத்தில் கடை வைத்திருக்கிறவனுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். கொழும்பிலோ கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ, ஒரு நகரத்துக்குள் பெரிய ரயில் பாதை கட்டுவதென்றால் அதற்கென்று ஒரு சட்டம் வரட்டும். பாதை எது, காணி எது, காசு எங்கிருந்து, காணி எடுக்கும் அதிகாரம் எத்தனை வருடத்துக்கு என்பது அதில் எழுதியிருக்கட்டும். நிறைவேற முன்னர், அந்தப் பாதையில் இருக்கிறவர்களை எல்லாக் கட்சியும் உள்ள ஒரு குழு கேட்கட்டும். உறுதி இருக்கிறவனை மட்டுமில்லாமல் வாடகைக்காரனையும், தோட்டத்துக் குடும்பத்தையும், நடைபாதை வியாபாரியையும். சிங்களத்தில் வந்த அறிவித்தலை யாரையாவது பிடித்து வாசிப்பிக்கிற நிலை இல்லாமல், தமிழில் மனுக் கொடுத்துத் தமிழிலேயே பதில் வாங்குகிற மாதிரி. இத்தனைக்கும் பிறகு பாராளுமன்றம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் எடுக்கட்டும். அப்போது யார் எழும்பி நின்று என்ன காரணம் சொன்னார் என்று ஹன்சாட்டில் இருக்கும். இருபது வருடம் கழித்து எங்களைப் போல ஒரு கூட்டம் அதை எடுத்து வாசிக்கும்.

இலகு ரயில் பற்றிய பேச்சு எப்போதாவது திரும்ப வரத்தான் போகிறது. கண்ணாடி நிலையங்களும் மரங்களுமாக அழகான கணினிப் படங்கள் வரும். பகிர முன்னர் மூன்று கேள்வி கேட்பம். இது எந்தச் சட்டத்தின் கீழ்? பாதிக்கப்படுகிறவர் யாரிடம் மனுக் கொடுப்பது? எந்த மொழியில்?

இதன் கடைசிப் பந்தியைப் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் ஃபோனில் தட்டுகிறோம். இராஜகிரிய இன்னும் வரவில்லை.